பசிக்கிற தரையும் எங்கள் தரை சாரும்

எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே ஒரு மனிதர் தன் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டினார் என்றால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். அவர் பார்த்த கால்களில் என்னுடைய கால்களும் உண்டு. பிரின்சிபால், ஆடிட்டர், பீஸ் கட்ட வந்த அப்பா என்று யார் வந்து நின்றாலும் அவர் பார்வை நேரே கீழே போகும். நிற்பது மண்ணில் என்றால் முகம் சுருங்கும். சிமெண்டில் என்றால் முகம் மலர்ந்து, "அங்கிட்டே நில்லுங்க, நல்லா இருக்கு" என்பார். வந்தவர் எது நல்லா இருக்கிறது என்று புரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொள்வார்.

இந்தக் குணத்தால்தான் அவருக்கு வேலையே கிடைத்தது என்று எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. நேர்காணலில் தாளாளர் கேள்வி மேல் கேள்வி கேட்க, இவர் குனிந்த தலை நிமிராமல் பதில் சொல்லியிருக்கிறார். இப்படி ஓர் அடக்கமான ஆளைப் பார்த்ததே இல்லை என்று தாளாளர் அன்றைக்கே ஆர்டர் போடச் சொல்லிவிட்டார். இவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அறையில் புதிதாகப் பதித்திருந்த டைல்ஸை. அதற்கு அடியில் இருந்திருக்கக்கூடிய செம்மண்ணை நினைத்து வருத்தத்தில் இருந்தாராம்.

எங்கள் பாலிடெக்னிக் விராலிமலையைத் தாண்டி மதுரை ரோட்டில் இருக்கிறது. நான் அங்கே ஆபீஸ் சூப்பிரண்டெண்ட். அவர் கெமிஸ்ட்ரி லெக்சரர், சொந்த ஊர் ஆவூர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடும்போது மட்டும் அதை உபயோகிப்போம். மற்ற நேரமெல்லாம் அவர் தரை சார்தான்.

ஆபீசுக்கும் கேண்டீனுக்கும் நடுவில் ஒரு செம்மண் மைதானம். ஓரத்தில் நாலைந்து வேப்பமரம், அங்கங்கே அருகும் தும்பையும் நெருஞ்சியும். வேறு யாராவது பார்த்தால் வெறும் பொட்டல் என்பார்கள். தரை சார் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் அதன் நடுவே ஒரு மூங்கில் கம்பத்தை நட்டார். கம்பத்தில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்றின் வாய் தலைக்கு மேலே, இன்னொன்றின் வாய் முழங்காலுக்குக் கீழே. இரண்டும் வந்து சேருமிடத்தில் ஒரு மேஜை, அதன்மேல் காற்றில் கலந்திருப்பதை அளக்கிற இரண்டு பெட்டிகள். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் இரவல் வாங்கி வந்தவை. கரண்ட் மட்டும் வாட்ச்மேன் ராசுவின் கூண்டிலிருந்து.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருநாள் வேலியோரம் நின்று, "என்னங்க சார், செல் டவரா? எங்க வீட்டுல சிக்னலே இல்லைங்க" என்றார். தரை சார் அவருக்குப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். பெரியவரும் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் வந்து, "இப்ப நல்லா எடுக்குதுங்க சார், ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் ஒருநாள் விளக்கம் கிடைத்தது.

"ரோட்டுல போற வண்டிப் பொகை இருக்குல்ல, அது வெயில்ல வெந்து ஓசோனாகுதுங்க. ஓசோன் ஒசரத்துல, ஆகாசத்துல இருந்தா நமக்குக் குடை. நம்ம மூக்கு மட்டத்துல இருந்தா நெஞ்சு எரியும். அது காத்தோட சுத்திச் சுத்திக் கீழ வருதுங்க. வேப்பெலையத் தொட்டா, எலையில இருக்கற குட்டிக் குட்டி வாய் வழியா உள்ள போயிருது. மண்ணைத் தொட்டா மண்ணு புடிச்சு வச்சுக்குது. மேல் குழாய்ல அளந்தா கூட இருக்கு. கீழ் குழாய்ல அளந்தா கொறைய இருக்கு. நடுவுல இருந்தது எங்கங்க போச்சு?"

"எங்க சார் போச்சு?"

அவர் என் காலைப் பார்த்தபடி ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார். "தரை தின்னுருச்சு."

அவ்வளவுதான், ஆபீசுக்கு ஒரு புது வாசகம் கிடைத்துவிட்டது. ஸ்டேப்ளரைக் காணோமா, தரை தின்னுருச்சு. பிரின்சிபால் மேஜையில் வைத்த முறுக்குப் பொட்டலத்தைக் காணோமா, தரை தின்னுருச்சு. ஒரு மாணவன் பரீட்சைத் தாளில் பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கேட்டதற்கு இதையே பதிலாகச் சொன்னான். தரை சாருக்கு இதிலெல்லாம் கோபமே வராது. கேலி செய்கிறோம் என்பது புரிந்தால்தானே கோபம் வருவதற்கு. விஷயம் எல்லோருக்கும் பரவுகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் அவருடைய சட்டதிட்டங்கள்தான் எங்கள் உயிரை வாங்கின. மைதானத்தைச் சுற்றித் தேங்காய்நார்க் கயிறு கட்டிவிட்டார். ஆள் நடந்தால் மண் இறுகிவிடுமாம், இறுகினால் அதன் துவாரங்கள் அடைபடுமாம். அதனால் கேண்டீனுக்குப் போக எல்லோரும் வேலியை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நாங்கள் போய்ச் சேருவதற்குள் வடை ஆறிவிடும். புழுதி பறக்கிறதே என்று யாராவது ஒரு குடம் தண்ணீரைத் தெளித்தால் எங்கிருந்தோ ஓடி வருவார். "காஞ்ச மண்ணுதாங்க ஓசோனைத் திங்கும். நீங்க அது வாய் நெறையத் தண்ணியை ஊத்திட்டீங்க, அது எப்புடித் திங்கும்?" பல் துலக்க ஒரு வேப்பங்குச்சி ஒடித்த பையனை அரைமணி நேரம் நிற்க வைத்து, அந்தக் குச்சியில் இருந்த இலைகளுக்கு எத்தனை வாய்கள் இருந்திருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னார். பையன் அதற்குப் பிறகு பேஸ்ட்டுக்கு மாறிவிட்டான்.

பெருக்குகிற மலர் அக்காவிடம் மட்டும் அவருடைய சட்டம் செல்லவில்லை. அக்கா தினமும் சருகைக் கூட்டித் தீ வைப்பார். இவர் போய்க் கெஞ்சுவார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. சருகை எரிக்காமல் மரத்தடியில் கொட்டும் நாளில் அக்காவுக்குத் தரை சார் கணக்கில் ஒரு டீ.

"அந்த டீயில சீனியே இருக்காதுங்க. ஆனா சார் அம்புட்டுத் தூரம் சுத்திப் போயி வாங்கிட்டு வாராரு, குடிக்காம எப்புடி?" என்பார் அக்கா. இரண்டு பேரும் தினமும் அந்த மரத்தடியில் நின்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா அவருடைய முகத்தைப் பார்ப்பார், அவர் அக்காவுடைய செருப்பைப் பார்ப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தாளாளருக்கு பேவர் பிளாக் ஆசை வந்தது. மைதானம் முழுக்க சிவப்பும் மஞ்சளுமாகக் கல் பதித்தால் கார் நிறுத்தலாம், அட்மிஷனுக்கு வருகிறவர்களுக்கும் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். தாளாளர் புதுக்கோட்டை கடைவீதியில் அரிசி மண்டி வைத்து முன்னுக்கு வந்தவர். ஒரு கைப்பிடி அரிசியை முகர்ந்தே எந்த ஊர், எந்தப் போகம் என்று சொல்லிவிடுவார். அவரிடம் பேசி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. தரை சார் போனார்.

நானும் அந்த அறையில் இருந்தேன். தரை சார் மண், இலை, ஓசோன் என்று தன் கதையை முழுவதும் சொல்லி முடித்தார். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், நீங்க சொல்றது எனக்கு வெளங்குது. கண்ணுக்குத் தெரியாத ஒண்ண, வாயில்லாத ஒண்ணு, யாரும் பாக்காதப்பத் திங்குது. அதுக்காக நான் கார் நிறுத்தாம இருக்கணும். அப்புடித்தானே?"

"ஆமாங்கய்யா, சரியாச் சொல்லிட்டீங்க" என்றார் தரை சார், மனநிறைவோடு.

தாளாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக ஒரு தீர்ப்பையும் சொன்னார். "சரி, வர்ற வெள்ளிக்கெழமை பேவர் பிளாக் எஞ்சினியர் வாராரு. திருச்சியிலேர்ந்து ஒரு புரொபசரையும் கூப்புட்டுருக்கேன். அவுக முன்னாடி தரை திங்கறதக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா கல்லு போடல. காட்டலன்னா ஒங்க கம்பத்தை நீங்களே புடுங்கணும், அப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது. சம்மதமா?"

தரை சார் சம்மதித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வந்ததும் வானத்தைப் பார்ப்பார், மழை வந்து மண் நனைந்துவிடக் கூடாதே என்று. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மேலே பார்த்ததை நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தோம். கேண்டீனில் ஒருநாள் என் எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "கல்லைப் போட்டு மூடிட்டா அது எப்புடிங்க மூச்சு விடும்?" என்று கேட்டார். அதுவரை அவருடையதைக் கிறுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது பாசம் என்று தெரிந்துபோயிற்று. அதன்பிறகு எனக்கும் இட்லி இறங்கவில்லை.

ஆபீசே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வியாழக்கிழமை வரை ஒரு தூறல்கூட இல்லை. மண் அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது. தரை சார் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நல்லாத் திங்கும்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நான் கேட்டுக்குள் நுழைந்தபோது முதலில் வந்தது வாசனை. அப்புறம்தான் கண்ணில் பட்டது. மைதானம் முழுக்கச் சாணி தெளித்து மெழுகியிருந்தது. கம்பத்தைச் சுற்றி ஒரு பெரிய கோலம், காவி வரம்பு கட்டியது. கம்பத்தின் இரண்டு பக்கமும் வாழைமரம். மேல் குழாயில் ஒரு மாவிலைத் தோரணம். நடுவில் மலர் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றிருந்தார்.

"நம்ம சாரோட தரைக்கு இன்னைக்கு விசேசமாச்சே சார். பெரிய மனுசங்க வாராங்க, வறட்டுத் தரையவா காட்டறது? விடியறதுக்கு முன்னாடியே நானும் ராசுவும் வந்துட்டோம். கயித்தக்கூட அவுக்கல, அடியில குனிஞ்சுதான் போனோம்."

ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் வாசலுக்கு முதலில் என்ன மரியாதை செய்வோமோ அதை ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்திருந்தார்கள். சொட்டச் சொட்ட ஈரம்.

தரை சார் வந்தார். வழக்கம்போலக் கீழே பார்த்துக்கொண்டே வந்தவர், கோலத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டார். மலர் அக்கா சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடம் தண்ணீருக்கே கூப்பாடு போடுகிறவர் இதற்கு என்ன செய்யப்போகிறாரோ என்று நான் ராசுவின் கூண்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் கோலத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். பிறகு முதல்முறையாக அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "கோலம் நல்லா இருக்கும்மா" என்றார்.

காருக்குள்ளிருந்து தாளாளரும் எஞ்சினியரும் புரொபசரும் இறங்கினார்கள். தரை சார் ஓசோன் பெட்டியை முடுக்கினார். மேல் குழாய், கீழ் குழாய், மறுபடி மேல் குழாய் என்று மாற்றி மாற்றி வைத்தார். வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இல்லை.

"இன்னைக்குத் தரை பட்டினி போல" என்றான் ராசு என் காதில்.

தாளாளர் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார், எவ்வளவு ஆழத்தில் நட்டிருக்கும் என்று யோசிப்பவர் மாதிரி. அந்த நேரம் பார்த்துத்தான் ராசுவுக்குத் தன் கடமை ஞாபகம் வந்தது. விருந்தாளிகளை வரவேற்க வாங்கி வைத்திருந்த சரவெடியை மறந்தே போயிருந்தான். ஓடிப்போய்க் கேட்டருகே பற்றவைத்தான். காது கிழிந்தது. வேப்பமரத்து மயிலெல்லாம் அலறிக்கொண்டு பறந்தன. வெடிப் புகை வெள்ளையாகக் கிளம்பி, காற்று வாக்கில் நேரே மைதானத்தின் மேல் வந்து எங்கள் எல்லோரையும் மூடியது. புரொபசர் இருமினார், எஞ்சினியர் கைக்குட்டையைத் தேடினார். தரை சார் மட்டும் இரண்டாவது பெட்டியை நோக்கிப் பாய்ந்தார்.

அது கந்தகப் புகையை அளக்கிற பெட்டி. மேல் குழாயில் முள் ஏறு ஏறென்று ஏறியது. கீழ் குழாய்க்கு மாற்றினார், தொபுக்கென்று விழுந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே. புரொபசர் இருமலை மறந்து குனிந்து பார்த்தார். "என்னங்க இது, கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு!"

"தரை தின்னுருச்சுங்க!" என்று கத்தியது தரை சார் இல்லை, மலர் அக்கா.

தரை சார் அவசர அவசரமாக விளக்கினார். ஓசோன் தண்ணீரில் லேசில் கரையாது, கந்தகப் புகை நன்றாகக் கரையும். கரையக் கரைய அந்த ஈரம் அமிலமேறிப் புளித்துப்போகும், அதற்குமேல் புகை இறங்காது. ஆனால் சாணியிலிருந்து கிளம்புகிற அமோனியா அந்தப் புளிப்பை முறித்துவிடுகிறது. அதனால் இன்னும் இன்னும் என்று வாங்கிக்கொள்கிறது.

தாளாளருக்கு முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "சாணி! நம்ம சாணி!" என்றார். "சூப்பிரண்டெண்ட், எழுதிக்கங்க. கேட்டுல பெரிய பிளெக்ஸ். சாணத்தால் காற்றைச் சுத்தமாக்கும் ஒரே பாலிடெக்னிக். கல்லு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

ஜெயித்துவிட்டோம். ராசு என் கையைப் பிடித்து நசுக்கினான். தரை சார் அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

"அய்யா, அப்புடி எழுதக் கூடாதுங்க" என்றார் தரை சார்.

"ஏன்?"

"சாணி விடுற அமோனியாவும் காத்தைக் கெடுக்கற ஒரு கேஸுதாங்க. அதோட மத்தியானம் காஞ்சுட்டா இந்த வேலை நின்னுரும். இது ஈரத்தோட குணம். காஞ்ச மண்ணு ஒண்ணைத் திங்கும், ஈர மண்ணு இன்னொண்ணைத் திங்கும், எலை வேற ஒண்ணைத் திங்கும். சாணிக்குன்னு தனிப் பெருமை கெடையாதுங்க."

நான் கண்ணைக் காட்டினேன். அவர் எங்கே என் கண்ணைப் பார்த்தார், என் செருப்பைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினியர் இதுதான் சமயம் என்று புகுந்தார். "அப்ப என் பேவர் பிளாக் மட்டும் திங்காதா சார்?"

"திங்கும்ங்க. புதுசுல நல்லாவே திங்கும்."

மலர் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். தரை சார் தொடர்ந்தார். "ஆனா சிமெண்டுக்குப் போகப் போக வயிறு நெறைஞ்சுரும். மண்ணுல மழை பெய்யுது, மண்புழு கெளறுது, புல்லு மொளைக்குது, அதுக்குத் திரும்பத் திரும்பப் பசிக்கும்."

தாளாளர் நிதானமாகக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "இந்த ஒரு மைதானம், ரோட்டுல போற அம்புட்டு வண்டிப் பொகையையும் தின்னுருமா?"

"திங்காதுங்க. கொஞ்சூண்டுதான். எல்லாத் தரையும் சேந்தாத்தான் உண்டு."

தரை சார் கம்பத்தருகே போய் அதன்மேல் கையை வைத்தார். பிடுங்கச் சொல்லப்போகிறார்கள் என்று அவரே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. தோரணத்தை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

தாளாளர் குனிந்து ஒரு சிட்டிகை ஈர மண்ணை எடுத்து, மண்டியில் அரிசியை முகர்வது போல முகர்ந்தார். பிறகு எஞ்சினியரிடம் திரும்பினார்.

"நான் யாவாரி. என் மண்டிக்கு எத்தனையோ பேரு சரக்கு கொண்டாந்துருக்கான். என் மூட்டையில இத்தனை கல்லு கெடக்கு, இத்தனை பதரு கெடக்குன்னு வெலை பேசும்போது தானா வாயத் தொறந்து சொன்னவன் ஒருத்தன் இல்ல. இந்த மனுசன் சொல்றாரு. அப்ப மிச்சமும் நெசமாத்தானே இருக்கும்? கல்லை ரோட்டோரமா கார் நிக்கிற எடத்துல மட்டும் போடுங்க. இந்தத் தரை இருக்கட்டும்."

மலர் அக்கா எழுந்து வந்து, அவிழ்த்த தோரணத்தைத் தரை சாரின் கையிலிருந்து பிடுங்கி மறுபடி கட்டினார். தாளாளர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "ஆனா அந்தக் கயித்தை அவுத்துருங்க சார். காபி குடிக்க நான் ஊரைச் சுத்திப் போக முடியாது."

"அது முடியாதுங்கய்யா" என்றார் தரை சார், அவர் காலைப் பார்த்தபடியே.

தாளாளர் அவரை முறைத்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு கேண்டீனுக்குப் போனார். நாங்களும் வரிசையாகப் பின்னாலேயே போனோம்.

தரை சார் இப்போது வேலையை விட்டு ஓய்வாக ஆவூரில் இருக்கிறார். பெட்டிகளை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பம் மட்டும் நிற்கிறது, மயில் உட்காருவதற்கு. கயிறு எப்போதோ இற்றுப் போய்விட்டது. ஆனாலும் யாரும் குறுக்கே நடப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த வாத்தியார்கள் ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டால் மலர் அக்கா, "அது எங்க சாரோட எடம்" என்பார். ஓசோன், அமோனியா எல்லாம் சொல்ல எங்களில் யாருக்கும் வராது.

மழை பெய்து ஓய்ந்தால் அன்று எனக்கு ஆவூரிலிருந்து போன் வரும். எப்படி இருக்கீங்க, வீட்டில் சௌக்கியமா, எதுவும் கிடையாது. எடுத்ததுமே, "தரை எப்புடிங்க இருக்கு?" என்பார். எனக்கு உடம்பு சரியில்லாமல் திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இதே கேள்விதான். படுக்கையில் படுத்துக்கொண்டே, நேரில் பார்த்தவன் மாதிரி, புல் முளைத்திருக்கிறது, மண் மெத்தென்று இருக்கிறது என்று அடித்துவிட்டேன்.

போன வாரமும் நல்ல மழை. மாலையில் போன் அடித்தது.

"தரை எப்புடிங்க இருக்கு?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நனைந்த கம்பத்தில் ஒரு மயில் சிறகை உதறிக்கொண்டிருந்தது. மலர் அக்கா வேப்பமரத்தடியில் சருகைக் கொட்டிவிட்டு, டீ வரும் என்பவர் போல அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒங்களைத் தேடுதுங்க சார், ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றேன். தரை அப்படியெல்லாம் தேடாதுங்க என்று அவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டு, அக்காவுக்கு ஒரு டீ வாங்க வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.